பளைப் பக்கம் காணி பார்க்கப் போகுமுன்: மிதிவெடி அகற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி, ஆவணி வந்தால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவுக்காரர் ஊருக்கு வருகிற காலம் அது. நல்லூர்த் திருவிழாவை முடித்துக்கொண்டு அப்படியே கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிற பளைக்கும் முகமாலைக்கும் போய் அப்பாவின் காணியை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கே கால் வைக்கலாமா?"

என் தங்கை ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். அதனால் கேள்விகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அடிக்கடி வருகிற கேள்விகளையும், அவள் சொல்லி நான் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மிதிவெடி, கண்ணிவெடி இரண்டும் ஒன்றுதானே?

எங்கள் பேச்சில் இல்லை. ஆள் கால் வைத்தால் வெடிக்கிற சின்னது மிதிவெடி. வாகனத்துக்கென்று வீதியில் வைப்பது, தூரத்தில் இருந்து வயரால் வெடிக்க வைப்பது எல்லாம் கண்ணிவெடி. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இரண்டையும் கண்ணிவெடி என்றே எழுதும். இங்கே அரசாங்க அறிவிப்புகளிலும் 'கண்ணிவெடி அகற்றல்' என்றுதான் இருக்கும். ஆனால் ஊரில் ஒரு அம்மாவிடம் கேட்டால் "மிதிவெடி எடுக்கிற பிள்ளையள்" என்பார்.

இவற்றோடு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. சுட்டது வெடிக்காமல் கிடப்பது: ஷெல், மோட்டார் குண்டு, ஆர்பிஜி, கைக்குண்டு. இதை யாரும் திட்டம் போட்டுப் புதைக்கவில்லை. விழுந்த இடத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான். எங்கே கிடக்கும் என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. மீள்குடியேறிய ஊர்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

போர் 2009-இல் முடிந்துவிட்டது. இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் பிறகு வெடி செத்துப்போயிருக்காதா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. செத்துப்போகாது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் உயிருக்கு நல்லது.

இங்கே அதிகம் கிடைப்பவற்றில் பாகிஸ்தான் தயாரிப்பான பி4, சீனத் தயாரிப்பான டைப் 72 இரண்டும் பிளாஸ்டிக் உடம்பு. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, உக்காது. டைப் 72-இன் உள்ளே இருப்பது ஏறக்குறைய 50 கிராம் வெடிமருந்து. ஒரு பாதத்தைக் கொண்டுபோக அது போதும். புலிகள் தாங்களே செய்த 'ஜொனி' மிதிவெடி மரப்பெட்டி. மரம் இற்றுப்போகும், கறையான் தின்னும். ஆனால் உள்ளே இருக்கிற மருந்தையும் டெட்டனேட்டரையும் கறையான் தின்னாது. பெட்டி இற்றுப்போனது இன்னும் தலைவலி, ஏனென்றால் அதைப் பார்த்தால் மிதிவெடி என்றே தெரியாது.

பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் விவசாயிகள் வயல் உழும்போது முதலாம் உலகப் போரின் ஷெல்கள் இன்றும் கிளம்புகின்றன. நூறு வருடம் தாண்டியும் அவற்றைக் கையாள அங்கே அதற்கென்று உள்ள நிபுணர் குழுக்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நம்முடையது அதற்கு முன்னால் நேற்றுப் புதைத்தது மாதிரி.

எல்லாரும் ஏன் முகமாலை முகமாலை என்கிறார்கள்?

2002-க்கும் 2006-க்கும் இடையில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்களுக்கு முகமாலையை மறக்க முடியாது. பளையில் புலிகளின் சோதனைச் சாவடி, முகமாலையில் இராணுவத்தின் சாவடி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். பஸ்ஸில் இருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்று, மறுபடி பஸ் ஏறுவோம். வீதியின் இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். தலை அறுந்த தென்னைகளும் பனைகளும் வரிசையாக நிற்கும். சின்னப் பிள்ளைகளை வீதிக்கரையில் சிறுநீர் கழிக்கக்கூட இறக்க மாட்டோம்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு போர்முனை இங்கே வந்து நின்றது. கிளாலிக் கடனீரேரிக் கரையிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் கடற்கரை வரை, குடாநாட்டின் கழுத்தைக் குறுக்காக வெட்டியது போல ஒரு கோடு. 2009 ஜனவரி வரை அந்தக் கோடு பெரிதாக நகரவே இல்லை. ஏறக்குறைய 9 வருடம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்துகொண்டு மிதிவெடி போட்டார்கள். பழைய வரிசைக்கு முன்னால் புது வரிசை, அதன் மேல் இன்னொன்று. மண் அணை கட்டினார்கள், பனைங்குற்றி அடுக்கிப் பங்கர் கட்டினார்கள், அது ஷெல்லடியில் இடிந்து விழ, இடிந்த மண்ணுக்குள்ளும் மிதிவெடி போய்ச் சேர்ந்தது. உலகத்திலேயே மிகவும் நெருக்கமாக மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று என்று வெளிநாட்டு நிபுணர்களே சொன்ன இடம் இது.

சோகம் என்னவென்றால் இது வெறும் பற்றைக்காடு இல்லை. இந்த ஊர்கள் அடங்கிய பச்சிலைப்பள்ளிப் பிரதேசம் தென்னைக்குப் பெயர் போனது. இத்தாவில், வேம்பொடுகேணி, கிளாலி எல்லாம் ஆட்கள் வாழ்ந்து, கோயில் கட்டி, கிணறு வெட்டின ஊர்கள்.

முகமாலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று எல்லாப் பக்கமும் இருந்தது.

யார் புதைத்தது?

இரண்டு பக்கமும். இதைச் சொன்னால் ஒரு தரப்புக்கும் பிடிக்காது, ஆனால் நிலத்தைத் தோண்டிய பிள்ளைகளின் கையில் வந்தது இரண்டு பக்கத்துச் சாமான்களும்தான். இராணுவம் பெரும்பாலும் தன் காவலரண்களுக்கு முன்னால் வரிசையாகப் புதைத்தது. அதற்குப் பதிவுகளும் இருந்தன. புலிகள் வரிசையாகவும் புதைத்தார்கள், பாதையோரம், கிணற்றடி, மரத்தடி என்று எதிராளி கால் வைக்கக்கூடும் என்று நினைத்த இடங்களிலும் போட்டார்கள். எதிரியின் மிதிவெடியைத் தோண்டி எடுத்துத் தாங்கள் பாவித்ததும் நடந்தது. ஆகவே ஒரு பதிவில் '200' என்று இருந்தால் நிலத்தில் 200 இருக்கும் என்று நம்ப முடியாது.

சரி, எப்படித்தான் எடுக்கிறார்கள்?

முதல் வேலை நிலத்தில் இல்லை, வீடுகளில். ஒரு குழு ஊர் ஊராகப் போய் விசாரிக்கும். எங்கே மாடு செத்தது, எங்கே யாருக்குக் கால் போனது, எந்த ஒழுங்கையால் ஆட்கள் போவதில்லை. விறகு பொறுக்குகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும்தான் இதில் பெரிய நிபுணர்கள். அதை வைத்து ஒரு எல்லை போடுவார்கள். அந்த எல்லைக்குள் சில பாதைகளை வெட்டிச் சோதித்து, உண்மையில் எவ்வளவு நிலம் சந்தேகத்துக்குரியது என்று குறுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் அங்குலம் அங்குலமாக எடுக்கிற வேலை.

தங்கை காலையில் 5 மணிக்கே கிளம்பிவிடுவாள். வெயில் ஏறுமுன் வேலை தொடங்க வேண்டும். மார்பை மூடுகிற கனத்த கவசம், முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடித் தகடு. முழங்காலில் நின்றுகொண்டு, ஒரு மீட்டர் அகலமான பாதையில் முன்னால் குறுக்காக ஒரு தடியை வைத்து, தடிக்கு அந்தப் பக்கம் மட்டும் வேலை. முதலில் புல்லையும் செடியையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். பிறகு டிடெக்டரை ஓட்ட வேண்டும். சத்தம் வந்தால் நேரே குத்தக் கூடாது, சற்று முன்னாலிருந்து மெல்லத் தோண்டிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் அதைத் தொட வேண்டும். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும், பக்கத்தில் தொட்டால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் என்பாள். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

டிடெக்டர் உலோகத்தைத்தான் தேடும். பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் என்று சொல்ல ஒரு சின்னத் துணுக்குத்தான் இருக்கும். டிடெக்டரை நல்ல கூர்மையாக வைத்தால் அந்தத் துணுக்கு கேட்கும், ஆனால் கூடவே ஒவ்வொரு ஷெல் துண்டும், தோட்டாக் கோதும், ஆணியும் கேட்கும். முகமாலையில் ஒரு மிதிவெடிக்கு நூற்றுக்கணக்கில் இரும்புத் துண்டுகள். ஒவ்வொரு சத்தமும் மிதிவெடி என்று நினைத்தே தோண்ட வேண்டும்.

இதனால்தான் வன்னியில் 'ரேக்' முறை வந்தது. தோட்டத்தில் சருகு வாருகிற வாரி போன்ற நீளக் கைபிடி உள்ள வாரிகள். பாரமானது ஒன்று மண்ணை இளக்க, மென்மையானது ஒன்று இளகிய மண்ணை வாரிப் பார்க்க. டிடெக்டரை நம்பாமல் குறிப்பிட்ட ஆழம் வரை முழு மண்ணையும் வாரிவிடுவது. போர்நிறுத்தக் காலத்தில் நோர்வே மக்கள் உதவி அமைப்போடு வேலை செய்த உள்ளூர்ப் பிள்ளைகள் வளர்த்தெடுத்த முறை இது. வாரியை வைத்துக்கொண்டு மிதிவெடி எடுப்பதா என்று முதலில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். மண் இளகலாக இருக்கிற இடத்தில் அது நன்றாகவே வேலை செய்தது.

மண் அணைகளுக்கும் இடிந்த பங்கர்களுக்கும் கையால் முடியாது. கவசம் போட்ட பெரிய இயந்திரங்கள் மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டு அரிக்கும். அரித்ததைப் பரப்பி மறுபடி கண்ணாலும் டிடெக்டராலும் பார்ப்பார்கள்.

ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. ஒருவருக்கு வெடித்தால் மற்றவருக்குப் படாத தூரத்தில்தான் அடுத்தவர். பக்கத்திலேயே முதலுதவிக்காரரும் ஆம்புலன்ஸும் நிற்காவிட்டால் அன்றைக்கு யாரும் உள்ளே போக முடியாது. கண்டெடுத்தவற்றைப் பாதுகாப்பாக வெடிக்க வைத்து அழிப்பார்கள். பின்னேரம் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நாய் குரைக்கும். அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் கை நடுங்கும்.

எலி மோப்பம் பிடிக்கிறதாமே? நாய், ட்ரோன் ஒன்றும் இல்லையா?

எலி உண்மைதான், ஆனால் இங்கே இல்லை. ஆபிரிக்கப் பெரிய எலிகளைத் தான்சானியாவில் பழக்கி, கம்போடியாவில் வேலை வாங்குகிறார்கள். மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். எலி இரும்பைத் தேடாது, வெடிமருந்தின் வாசனையைத்தான் தேடும். பாரமும் இல்லை, மிதித்தாலும் வெடிக்காது. இலங்கையில் இராணுவத்திடம் நாய்கள் உண்டு. முகமாலை மாதிரி எல்லா மண்ணிலும் வெடிமருந்து வாசனை ஊறிப்போன இடத்தில் பாவம் அவையும்தான் என்ன செய்யும்? ட்ரோன் எல்லை பார்க்க உதவும். கடைசியில் ஒரு ஆள் முழங்காலில் நின்றுதான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஏன் இத்தனை வருடம்? வேண்டுமென்றே இழுக்கிறார்களா?

கோபத்தோடு கேட்கப்படுகிற கேள்வி இது. கோபம் நியாயமானதுதான். 2009-இல் ஏறக்குறைய 3 லட்சம் சனம் மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைபட்டபோது, "மிதிவெடி இருக்கிறது, அதனால் ஊருக்கு விட முடியாது" என்று சொன்னார்கள். அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. மிதிவெடியைச் சாட்டாகச் சொன்ன இடங்களும் இருந்தன, உண்மையிலேயே மிதிவெடி இருந்த இடங்களும் இருந்தன. தகரக் கொட்டிலுக்குள் இருந்த சனத்துக்கு அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

ஆனால் வேலை மெதுவாக நடப்பதற்கு வேறு காரணம் உண்டு. மிதிவெடியை எடுப்பது பெரிய நேரம் எடுக்காது. மிதிவெடி இல்லை என்று உறுதிப்படுத்துவதற்குத்தான் நேரம். தங்கை தோண்டிய நிலத்தில் மிகப் பெரும்பகுதியில் ஒன்றுமே இருக்கவில்லை. துருப்பிடித்த தகரம், பால்மா டின், பழைய பற்றரி. சில நாட்களில் ஒரு சின்ன அறையளவு நிலம்கூட நகராது, கையில் கிடைத்தது ஒரு ஆணி மட்டும். அந்த நாளும் வீண் நாள் இல்லை என்று அவளுக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அந்த அறையளவு நிலத்தில் நாளைக்கு ஒருவர் அடுப்பு மூட்டப் போகிறார். போர்க்களத்தில் இராணுவம் பாதை எடுக்கும்போது பத்தில் எட்டை எடுத்துவிட்டு முன்னேறலாம். குடியிருக்கிற காணியில் அது சரிவராது.

அதைவிட, எடுத்தேன் என்று நாமே சொன்னால் முடியாது. எடுத்த நிலத்தைப் பிறகு வேறு ஆட்கள் வந்து இடையிடையே தோண்டிச் சோதிப்பார்கள். ஒன்று தப்பியிருந்தாலும் திரும்ப முழுவதும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். நாகர்கோவில் பக்கம் மணல் ஓரிடத்தில் நில்லாது, முன்பு ஒரு சாண் ஆழத்தில் இருந்தது இப்போது இடுப்பளவு ஆழத்தில் கிடக்கலாம். முடிந்தது என்று நினைத்த இடங்களுக்கு அப்பால் புதிதாக இடங்கள் வந்துகொண்டும் இருக்கின்றன. காட்டுக்குள் விறகுக்குப் போன ஒருவர் வந்து சொன்னால் அந்த நிலமும் கணக்கில் ஏறும்.

எங்கேயாவது முழுவதும் முடித்திருக்கிறார்களா?

மட்டக்களப்பு மாவட்டத்தை 2017-இல் மிதிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தார்கள். நாட்டளவில் பார்த்தால் மொசாம்பிக் 2015-இல் முடித்தது, இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஃபாக்லாந்து தீவுகளில் 1982-இல் நடந்த போர் சில வாரங்கள்தான். அங்கே வேலை முடிந்தது 2020-இல். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடற்கரைகளுக்கு ஆட்கள் போகாததால் பென்குயின்கள் ராசாக்கள் மாதிரி இருந்தன. அவற்றின் பாரத்துக்கு மிதிவெடி வெடிக்காது.

இந்த வேலையைச் செய்வது யார்? வெளிநாட்டவரா?

பதாகையில் வெளிநாட்டுப் பெயர் இருக்கும், முழங்காலில் நிற்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஹலோ டிரஸ்ட், மேக் ஆகிய பிரித்தானிய அமைப்புகள் 2002-இலிருந்து இங்கே இருக்கின்றன. டாஷ், ஷார்ப் இரண்டும் இலங்கை அமைப்புகள். இராணுவத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. இந்தியாவில் இருந்து சர்வத்ரா, ஹொரைசன் என்று ஓய்வுபெற்ற இந்திய இராணுவத்தினரின் அமைப்புகளும் வந்து வேலை செய்தன. எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது 2010-இல் அமைத்த தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையம்.

பெண்கள் நிறைய. கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாதவர்கள். வன்னியில் ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம், சேமலாப நிதி, காப்புறுதி எல்லாம் தருகிற வேலை வேறு எது இருந்தது? தங்கை போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய சண்டை. அவள் சொன்ன பதில்: "நான் எடுக்காட்டியும் அது அங்கதான் கிடக்கும்." அதற்குப் பிறகு அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்குக் கல்நார் கூரை போட்டது அந்தச் சம்பளத்தில்தான்.

இப்போது அவர்களின் கவலை வேறு. வேலை முடிந்தால் வேலை போய்விடும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வருவார்கள். தையலும் கோழி வளர்ப்பும் சொல்லிக்கொடுக்கிறார்கள்தான். ஆனால் சேமலாப நிதியோடு வந்த சம்பளத்துக்குக் கோழி ஈடாகுமா என்பது எனக்குச் சந்தேகம்.

எங்கள் காணி விடுபட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிதிவெடி இருப்பதால் போக முடியாத காணி வேறு, இராணுவம் முகாம் போட்டு வைத்திருப்பதால் போக முடியாத காணி வேறு. வலிகாமம் வடக்கில் விடுபடாமல் கிடக்கிற காணிகள் இரண்டாவது வகை. அதற்கு மிதிவெடி எடுப்பவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை.

மிதிவெடிக் காணி என்றால், துப்புரவு செய்து முடித்த நிலத்தை முறையாக எழுத்தில் கையளிப்பார்கள். பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள். பழைய ஆட்கள் விதானையார் என்பார்களே, அவர்தான். கிளிநொச்சியில் கண்ணிவெடி நடவடிக்கைக்கான பிராந்திய அலுவலகமும் இருக்கிறது, வரைபடம் அவர்களிடம் உண்டு. காணி உறுதியைக் கொண்டுபோங்கள், பக்கத்துக் காணிக்காரரின் பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். இருபது வருடம் ஆள் இல்லாத காணியில் எல்லைவேலி இருக்காது, அடையாளம் சொன்ன மாமரமும் இருக்காது.

"பக்கத்துக் காணியில் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் எங்களுடையதும் சரிதான்" என்று மட்டும் நினைக்க வேண்டாம். மிதிவெடி வரிசை வேலியைப் பார்த்துப் போடப்பட்டது இல்லை.

போகும்போது என்ன கவனம்?

தார் வீதி, ஆட்கள் தினமும் நடக்கிற பாதை இரண்டையும் விட்டு இறங்காதீர்கள். சிவப்புப் பலகை, சிவப்பு நிறம் பூசிய கட்டை கண்டால் அதற்கு அப்பால் இல்லை. பலகை விழுந்திருக்கலாம், யாராவது அடுப்புக்குக் கட்டையைப் பிடுங்கியும் போயிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். தெரியாமல் உள்ளே வந்துவிட்டோம் என்று தோன்றினால் நில்லுங்கள். ஓடாதீர்கள். கூப்பிட்டு உதவி கேளுங்கள். கூட வந்தவருக்குக் காயம் என்றாலும் அவரைத் தூக்க ஓடாதீர்கள். இதைச் சொல்வது சுலபம், செய்வது கொடுமை. ஆனால் இரண்டாவது கால் போனது பல தடவை தூக்க ஓடியவருக்குத்தான்.

வளவுக்குள் ஏதோ இரும்புச் சாமான் கிடக்கிறது. என்ன செய்ய?

தொடாதீர்கள், கல்லால் எறிந்து பார்க்காதீர்கள், இழுத்துக் கிணற்றில் போடாதீர்கள். கிணற்றில் போட்டதை எடுக்க இரண்டு மடங்கு பாடு. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியாலேயே திரும்பி, பொலிசுக்கு 119-இல் சொல்லுங்கள், அல்லது கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். தகவல் சொன்னதற்காக யாரும் உங்களைச் சந்தேகிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மீள்குடியேறி வந்தவுடன் எல்லாரும் செய்கிற முதல் வேலை வளவைக் கூட்டிக் குப்பையை எரிப்பது. வன்னியில் நடந்த வெடிவிபத்துகள் பலவற்றுக்குக் காரணம் அதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஒரு கண் போனது. மேலே சருகு, கீழே மண்ணுக்குள் ஒரு சின்னக் குண்டு. சூடு ஏறினால் போதும். கூட்டிய குப்பையை, நன்றாகத் தெரிந்த, ஏற்கெனவே கிண்டிப் பார்த்த இடத்துக்குக் கொண்டுபோய் எரியுங்கள்.

பழைய இரும்பு பொறுக்கி விற்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்கள். கிலோவுக்குக் காசு கொடுக்கிற கடைக்காரர் நிறுவையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

தோண்டும்போது எலும்புகள் கிடைப்பது உண்மையா?

உண்மை. முன்னரங்காக இருந்த நிலம் அது. சீருடைத் துண்டோடும், சப்பாத்தோடும், சில வேளை கழுத்தில் இருந்த இலக்கத் தகட்டோடும் கிடைத்திருக்கின்றன. கிடைத்தால் அந்த இடத்தில் வேலையை உடனே நிறுத்துவார்கள். பொலிசுக்குச் சொல்லி, நீதிமன்ற உத்தரவோடு, சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில்தான் பிறகு எடுக்கலாம். தங்கைக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. இப்போதும் நாங்கள் அதைக் கேட்பதில்லை.

கால் இழந்தவர்களுக்கு என்ன வசதி இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987-இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. 1968-இல் ராஜஸ்தானில் உருவான ஜெய்ப்பூர் கால் எங்கள் வாழ்க்கைக்கு நல்ல பொருத்தம். வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் கட்டி இருக்கலாம், சேற்று வயலில் இறங்கலாம். ஆனால் கால் ஒரு தரம் போட்டால் முடிகிற விடயம் இல்லை. தேயும், உடையும், மாற்ற வேண்டும். வளருகிற பிள்ளை என்றால் அடிக்கடி. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லாமல் மாற்றப் போகாதவர்கள் நிறையப் பேர்.

உலகக் கணக்கும் நல்லதாக இல்லை. 2023-இல் மட்டும் மிதிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் 5,757 பேர் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள் என்று லேண்ட்மைன் மானிட்டர் அறிக்கை சொல்கிறது. 84 சதவீதம் பொதுமக்கள். அந்த ஆண்டு முதலிடம் மியான்மருக்கு.

காசு யார் தருகிறார்கள்? எப்போது முடியும்?

அமெரிக்கா, ஜப்பான், பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகள் தருகிற பணம்தான் பெரும்பங்கு. இதில் உள்ள ஆபத்து 2025 ஜனவரியில் தெரிந்தது. அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை ஒரேயடியாக நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் மிதிவெடி எடுப்பவர்கள் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, இங்கே ஒரு காணி இன்னும் சில மாதம் சிவப்புக் கட்டைக்குள்.

மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஒப்பந்தம் தனக்கு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள் சேர்ந்த நாடு தன் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். இலங்கைக்கு அது நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 1. அந்தக் கணக்குப்படி இலங்கைக்கு 2028 ஜூன் 1 கெடு. கெடு என்பது ஒரு திகதி. அதற்குப் பிறகும் வெடிக்காத ஷெல்கள் அங்கங்கே கிளம்பத்தான் செய்யும். அதற்கு ஒரு சின்னக் குழுவாவது என்றைக்கும் இருக்க வேண்டும்.

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

இல்லை. சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, அமெரிக்காவும் இல்லை. 1997-இல் கையெழுத்துக்கு வைத்த ஒப்பந்தத்தில் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. உக்ரைன் போருக்குப் பிறகு காற்று மறுபக்கம் அடிக்கிறது. பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகியவை 2025-இல் விலக முடிவெடுத்தன. ரஷ்யா பக்கத்தில் இருக்கிற பயம் அவர்களுக்கு, புரிகிறது. புதைப்பதற்கு எவ்வளவு குறைந்த நேரம் என்பதும் எடுப்பதற்கு எவ்வளவு காலம் என்பதும் அவர்களுக்கும் தெரியாமல் இல்லை.

விடுவித்த காணிகளில் இப்போது என்ன நடக்கிறது?

ரயில் முதலில் வந்தது. 1990-இல் நின்ற யாழ்தேவி 2014 மார்ச்சில் பளைக்கும், அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. அந்தப் பாதையையும் முதலில் மிதிவெடி எடுத்தே போட்டார்கள். இப்போது ஜன்னலால் பார்த்தால் தலை அறுந்த பழைய தென்னைகளுக்கு நடுவில் இடுப்பளவு இளந்தென்னைகள் தெரியும்.

திரும்பி வந்தவர்கள் எல்லாரும் இல்லை. பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள், அல்லது வெளிநாட்டில். பெரியம்மா மட்டும் பிடிவாதமாக வந்து இருந்தார். முதல் மாதம் முற்றத்தில் மட்டும் நடந்தார். கிணற்றடி வரை போக இன்னொரு மாதம். கையளித்த கடதாசியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்ட வந்தவர், எவ்வளவு ஆழம் வெட்டட்டும் என்று கேட்டபோது, "அவையள் பாத்த ஆழம் மட்டும் வெட்டு, அதுக்குக் கீழ நான் கேட்டுச் சொல்லுறன்" என்று தங்கைக்கு போன் எடுத்தார்.

கடைசியாக ஒன்று. யாழ்ப்பாணத்துக் கடையில் 'மிதிவெடி' என்று ஏதோ விற்கிறார்களே?

அது சாப்பாடு. ரோல்ஸ் மாதிரி, ஆனால் பெரிது. உள்ளே முட்டையும் இருக்கும். வெளியூர் நண்பர்கள் பெயரைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். நாங்கள் பின்னேரம் தேநீரோடு சாப்பிடுவோம், சூடாக இருந்தால் நல்லது. தங்கைக்கு அது உயிர். பளைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வருகிறீர்கள் என்றால் நாலு வாங்கிக்கொண்டு வாருங்கள்.